தோட்டாக் கூட்டின் அடியில் ஒரு முத்திரை



வரலாற்றுச் சான்று என்றதும் நம் நினைவுக்கு வருபவை கல்வெட்டு, செப்பேடு, பழங்காசு, ஓலைச்சுவடி ஆகியவைதாம். ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக வேறொரு வகைச் சான்றும் மண்ணுக்குள் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. துப்பாக்கியால் சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூடுதான் அது. அதன் அடிப்பாகம் ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தில் சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிப்பது எப்படி, படித்ததிலிருந்து எதைத் துணிந்து சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இதை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியை அடுத்த தோட்டத்தில், முதிர்ந்த ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுவதற்காக நிலத்தைக் கிளறினார்கள். மறுநாள் காலை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பச்சைக் களிம்பு ஏறிய பித்தளைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அது சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடு. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். அடியில் ஆங்கில எழுத்துகளில் கே, எஃப் என்ற இரண்டும், அவற்றின் நடுவே மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும், 41 என்ற எண்ணும், ரோமன் எண்ணில் ஏழும் தெரிந்தன.

"ஐயா, இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. அப்படியென்றால் இது வெள்ளைக்காரன் சுட்டதுதானே?" என்று அவன் கேட்டான். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆயினும் உடனே விடை சொல்லாமல், "யோசித்துச் சொல்கிறோம்" என்று கூறினோம். அந்தக் கூட்டை அன்றே காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். அவன் கேட்ட கேள்வி மட்டும் நம்மிடமே இருந்துவிட்டது.

முதலில் தோட்டா என்பது என்ன என்று பார்ப்போம். அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. முனையில் இருப்பது குண்டு. பறந்து சென்று தாக்குவது இதுதான். குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளைக் கூடு. கூட்டுக்குள் இருப்பது வெடிமருந்து. அடிப்பாகத்தின் நடுவே பொருத்தப்பட்டிருப்பது 'கேப்' எனப்படும் சிறு மூடி. துப்பாக்கியின் விசையை இழுத்ததும் உள்ளிருக்கும் ஊசி இந்த மூடியைக் குத்துகிறது. அதில் எழும் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது. எஞ்சுவது கூடும் நசுங்கிய மூடியும்தாம்.

பழைய காலத்தில் இந்தக் கூடு இல்லை. 1857ஆம் ஆண்டு இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழக் காரணமான தோட்டா காகிதத்தால் ஆனது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாய்க்குள் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் விலங்குக் கொழுப்பு பூசப்பட்டிருந்ததாகப் பரவிய பேச்சே பெருநெருப்பை மூட்டியது. காகிதம் கிழிந்தும் எரிந்தும் போய்விடும். 1860களில்தான் உலோகக் கூடு படைகளில் பரவத் தொடங்கியது. 1866இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த தோட்டா, அதை வடிவமைத்த எட்வர்ட் பாக்சரின் பெயரால் அறியப்படுகிறது. உலோகம் வந்தபின்தான் சுட்ட இடத்தில் அழியாத ஒரு பொருள் கிடக்கத் தொடங்கியது.

உலோகத்தில் எழுத்துப் பொறித்தவர்கள் வரலாற்று ஆசிரியர்களை மனத்தில் கொண்டு அதைச் செய்யவில்லை. அவர்களுக்கு இருந்தது கிடங்குக் கவலை. தோட்டா வெடிக்காமல் போனாலோ, கூடு பிளந்தாலோ, அது எந்தத் தொழிற்சாலையில் எப்போது செய்தது என்று அறிந்து, அந்த வகைத் தோட்டாக்களை ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் பிராங்போர்ட் ஆயுதச் சாலை 1877ஆம் ஆண்டு முதல் தன் துப்பாக்கித் தோட்டாக்களில் முத்திரை பொறித்தது. ஆலையைக் குறிக்க எஃப் என்ற எழுத்து, அத்துடன் மாதம், ஆண்டு. நீண்ட துப்பாக்கிக்கு உரியதென்றால் ஆர், குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு உரியதென்றால் சி. இரண்டின் கூடும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் முன்னதில் 70 கிரெயின் மருந்து, பின்னதில் 55 கிரெயின் மருந்து. வெளியே தெரியாத வேற்றுமையை எழுத்துச் சொல்லியது.

பிரிட்டிஷ் படையின் பாயிண்ட் 303 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிக் குழாயின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்பதால் அந்தப் பெயர். 1880களின் இறுதியில் வழக்குக்கு வந்து, இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. அதன் அடியில் செய்த ஆலையின் எழுத்து, செய்த ஆண்டு, தோட்டாவின் வகை எண் ஆகியவை இருக்கும். ஏழாம் வகை 1910இல் ஏற்கப்பட்ட கூர்முனைக் குண்டு. இசட் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் உள்ளே இருந்த மருந்து வழக்கமான கார்டைட் அல்ல, வேறு வகை என்று பொருள். ஜி என்றால் ஒளிக்கீற்று விட்டுச் செல்லும் குண்டு. டபிள்யூ என்றால் இரும்புத் தகட்டைத் துளைப்பது. பி என்றால் தீமூட்டுவது. மூடியைச் சுற்றி வண்ணமும் பூசுவார்கள். சாதாரணக் குண்டுக்கு ஊதா, ஒளிக்கீற்றுக்குச் சிவப்பு, தகடு துளைப்பதற்குப் பச்சை, தீமூட்டுவதற்கு நீலம்.

மேல்நோக்கிய அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமையின் பழைய அடையாளம். கே, எஃப் என்பவை இந்தியாவில், பூனா நகருக்கு அருகே கிர்க்கி என்னும் இடத்தில் உள்ள தோட்டாத் தொழிற்சாலையைக் குறிப்பவை. 1869இல் தொடங்கிய ஆலை அது. ஆகவே நம் மாணவன் கண்டெடுத்த கூட்டின் பிறப்பு நமக்குத் தெளிவாயிற்று. 1941ஆம் ஆண்டு, கிர்க்கியில், ஏழாம் வகைத் தோட்டாவாகச் செய்யப்பட்டது. எழுத்து ஆங்கிலமாக இருந்தாலும் பொருள் இந்தியாவில் செய்தது!

எல்லா நாடுகளும் இப்படி வெளிப்படையாக எழுதவில்லை. ஜெர்மனி தன் ஆலைகளின் பெயரை மறைக்க விரும்பியது. முதலில் பி என்ற எழுத்துடன் ஓர் எண்ணையும், 1940க்குப் பின் சிற்றெழுத்துகளாலான குறியீட்டையும் பொறித்தது. சோவியத் நாடு ஆலைக்குப் பெயரின்றி எண் மட்டும் கொடுத்தது. ஜப்பானியத் தரைப்படையின் துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலும் எந்த எழுத்தும் இராது. வகையை அறியக் கழுத்தில் வண்ண வளையம் பூசுவார்கள். கடைகளில் விற்பதற்கென்று செய்யும் கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ நிறுவனத்தின் வணிகப் பெயரும் அளவும்தான் இருக்கும். ஆண்டு பொதுவாக இராது. இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதன் முக்கியம் பின்னர் விளங்கும்.

எழுத்தே இல்லாத கூடும் பேசும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மொண்டானா பகுதியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் 1876ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், கஸ்டர் என்ற படைத்தலைவரும் அவருடன் சென்ற வீரர்களும் செவ்விந்தியர் என்று அன்று அழைக்கப்பட்ட அந்நாட்டுப் பூர்வகுடி மக்களிடம் தோற்று மடிந்தனர். பிராங்போர்ட் ஆலை முத்திரை பொறிக்கத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆகவே அந்தக் களத்தில் கிடந்த படைக் கூடுகளில் ஆலை முத்திரை இல்லை. 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் அகழ்வாய்வாளர்கள் உலோகம் காட்டும் கருவியுடன் களத்தை அளந்தார்கள். ஒவ்வொரு கூடும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மூடியில் ஊசி குத்திய தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். ஒரே ஊசித் தடம் இரண்டு இடங்களில் இருந்தால் ஒரே துப்பாக்கி இரண்டு இடங்களிலும் சுட்டிருக்கிறது. இப்படித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த வழியையே கண்டார்கள்.

ஆக, ஒரு கூட்டில் இரண்டு வகைத் தடங்கள் உண்டு. ஆலை பொறித்த முத்திரை அதன் பிறப்பைச் சொல்லும். துப்பாக்கி பதித்த தடம் எந்தத் துப்பாக்கி என்பதைச் சொல்லும். எந்தக் கை விசையை இழுத்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. இந்த இடைவெளியைக் கவனிக்காமல் தாண்டினால் என்ன நேரும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் துயரமான ஒரு சான்று இருக்கிறது. அதற்காக நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி போலந்தின்மேல் படையெடுத்தது. அதே மாதம் 17ஆம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் படை நுழைந்தது. ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகள் சோவியத் கையில் சிறைப்பட்டனர். அவர்களில் பலர் முழுநேரப் படைவீரர் அல்லர். போர் மூண்டதால் சீருடை அணிந்த மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பொறியாளர்கள். நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். கொஸெல்ஸ்க், ஸ்டாரொபெல்ஸ்க், ஒஸ்டாஷ்கோவ் என்னும் மூன்று முகாம்களில் அவர்களை அடைத்து வைத்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுத அனுமதி இருந்தது. 1940ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அந்தக் கடிதங்கள் நின்றுபோயின.

1941 ஜூன் 22ஆம் நாள் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியது. ஜூலையில் ஸ்மொலென்ஸ்க் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. அந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் காத்தின் என்னும் காடு இருக்கிறது. 1943 ஏப்ரல் 13ஆம் நாள் பெர்லின் வானொலி ஒரு செய்தியை வெளியிட்டது. காத்தின் காட்டில் பெரும் புதைகுழிகள் கிடைத்துள்ளன, அவற்றில் போலந்து அதிகாரிகளின் சடலங்கள் இருக்கின்றன, அவர்களைக் கொன்றது சோவியத் இரகசியப் போலீஸ் என்பதே அந்தச் செய்தி. இரண்டு நாள் கழித்து மாஸ்கோ மறுத்தது. அந்தக் கைதிகள் ஸ்மொலென்ஸ்க் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தனர், 1941இல் ஜெர்மானியரிடம் சிக்கினர், ஜெர்மானியரே அவர்களைக் கொன்றனர் என்றது.

இங்கே கேள்வி எவ்வளவு எளிமையாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இறந்தது 1940ஆம் ஆண்டு வசந்தத்தில் என்றால் காடு சோவியத் கையில் இருந்தது. 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என்றால் காடு ஜெர்மானியர் கையில் இருந்தது. ஆண்டு தெரிந்தால் கொலையாளி தெரியும்.

குழிகளைத் தோண்டியபோது சுட்ட தோட்டாக்களின் கூடுகள் கிடைத்தன. 7.65 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். அடியில் கெக்கோ என்ற முத்திரை. அது ஜெர்மனியின் குஸ்டாவ் கென்ஷோ நிறுவனத்தின் வணிகப் பெயர். கார்ல்ஸ்ரூ நகரை அடுத்த டுர்லாக் என்னுமிடத்தில் இருந்த அந்நிறுவனத்தின் ஆலையில் செய்தவை. அதாவது, சோவியத் போலீஸ் கொன்றதாக ஜெர்மனி உலகுக்குக் காட்டிய குழிக்குள் கிடந்தவை ஜெர்மன் தோட்டாக்கள்!

ஜெர்மனியின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். 1943 மே 8ஆம் நாள் தம் நாட்குறிப்பில் இதைப் பற்றி எழுதினார். இந்தச் செய்தி எதிரிக்குத் தெரிந்தால் காத்தின் விவகாரம் முழுவதையும் கைவிட நேரும், ஆகையால் இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் கருத்து. ஆனால் முத்திரை எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஜெர்மன் படையின் விசாரணைக்கு நிறுவனம் பதில் தந்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் இதே வகைத் தோட்டாக்களைப் போலந்துக்கும், பால்டிக் நாடுகளுக்கும், சோவியத் நாட்டுக்கும் ஏற்றுமதி செய்திருக்கிறோம் என்று அது கூறியது. கடைச் சரக்காகிய அந்தக் கூட்டில் ஆண்டும் இல்லை. 1941இல் செய்தது என்று எழுதியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். 1940இல் யாரும் 1941ஆம் ஆண்டுத் தோட்டாவைச் சுட முடியாதல்லவா? ஆண்டு இல்லாத முத்திரை, கேட்ட கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை.

1943 செப்டம்பரில் ஸ்மொலென்ஸ்க் மீண்டும் சோவியத் வசமாயிற்று. 1944 ஜனவரியில் நிக்கொலாய் புர்தென்கோ என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் தலைமையில் ஒரு சோவியத் குழு குழிகளை மறுபடியும் தோண்டியது. கொலைகள் 1941இல் நடந்தவை, செய்தவர்கள் ஜெர்மானியர் என்று அறிக்கை கொடுத்தது. போருக்குப் பின் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள்மீது நடந்த விசாரணையில் சோவியத் வழக்குரைஞர்கள் காத்தின் கொலையையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார்கள். 1946 ஜூலையில் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஜெர்மன் அலுவலர்களிடையே சென்ற ஒரு தந்தியும் இருந்தது. காத்தினில் கிடைத்த கூடுகள் ஜெர்மனியில் செய்தவை, கெக்கோ முத்திரை உடையவை என்று அந்தத் தந்தி சொல்லியது. தந்தி உண்மையானது, அது சொல்லிய செய்தியும் உண்மை. அதைக் கொண்டு நிறுவ முயன்றதுதான் பொய்.

இதைக் கேட்டவர்கள் நம்பியதில் வியப்பில்லை. யூத மக்களை லட்சக்கணக்கில் கொன்று குவித்த ஆட்சி அது. இத்தனை கொடுமை செய்தவர்கள் இதையும் செய்திருப்பார்கள் என்று மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. ஜெர்மன் முத்திரை அந்த முடிவுக்கு முட்டுக் கொடுத்தது. ஆயினும் நூரம்பர்க் நீதிமன்றம் தன் தீர்ப்பில் காத்தினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் நிறுவப்படவில்லை என்பதே அதன் பொருள்.

அப்படியானால் ஆண்டைச் சொன்னவை எவை? இறந்தவர்களின் சட்டைப்பைகளில் இருந்த நாட்குறிப்புகளும் செய்தித்தாள்களும் 1940 ஏப்ரல், மே மாதங்களோடு முடிந்திருந்தன. பிற்காலத் தேதியிட்ட சில தாள்களைத் தாங்கள் கண்டதாக புர்தென்கோ குழு கூறியது உண்மைதான். ஆனால் போலந்தில் காத்திருந்த மனைவியருக்கும் தாய்மாருக்கும் 1940 வசந்தத்துக்குப் பின் ஒரு கடிதமும் வந்ததில்லை. சடலங்கள் குளிர்கால மேலங்கி அணிந்திருந்தன. கோடையின் இறுதியில் இறந்தவர்கள் அவ்வாறு உடுத்தியிருக்க மாட்டார்கள். குழிகளின் மேல் இளம் பைன் கன்றுகள் நின்றன. அவை 1943க்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே மாற்றி நடப்பட்டவை என்று வன அலுவலர் கணித்தார். பித்தளை சொல்லாத ஆண்டைக் கன்றும் கடிதமும் கம்பளி உடையும் சேர்ந்து சொல்லின.

ஆனாலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பொய் நின்றது. சோவியத் செல்வாக்கில் இருந்த போலந்தில், தந்தை இறந்த ஆண்டை 1940 என்று பிள்ளைகள் வெளிப்படையாகச் சொல்ல முடியாத நிலை இருந்தது. 1990 ஏப்ரல் 13ஆம் நாள், பெர்லின் வானொலிச் செய்தி வெளிவந்து சரியாக 47 ஆண்டுகள் கழித்து, கொலைக்குப் பொறுப்பு தங்கள் இரகசியப் போலீஸே என்று சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. 1992 அக்டோபரில் மூல ஆவணங்கள் போலந்திடம் கொடுக்கப்பட்டன. 1940 மார்ச் 5ஆம் நாள் எடுக்கப்பட்ட முடிவும், அதில் ஸ்டாலின் இட்ட கையொப்பமும் அவற்றில் இருந்தன. 1959ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கொல்லப்பட்டவர்களின் தொகை 21,857 என்று கூறியது. காத்தினில் மட்டும் 4,421 பேர். மற்றவர்கள் வேறு இடங்களில். 2010ஆம் ஆண்டு நவம்பரில் ரஷ்ய நாடாளுமன்றமும் இது ஸ்டாலின் ஆணைப்படி நடந்தது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

ஜெர்மன் தோட்டா அங்கே வந்தது எப்படி? கலினின் நகரச் சிறையில் கொலைகள் நடந்தபோது அந்த வட்டாரத்தின் இரகசியப் போலீஸ் அதிகாரியாக இருந்த டொக்கரேவ் என்பவர் 1991இல் வாக்குமூலம் அளித்தார். மாஸ்கோவிலிருந்து வந்த ப்ளோகின் என்ற கொலையாளி ஒரு பெட்டி நிறைய வால்தர் கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார் என்று அவர் கூறினார். வால்தர் ஜெர்மனியில் செய்யும் துப்பாக்கி. சோவியத் கொலைஞர் கையில் ஜெர்மன் துப்பாக்கி; அதற்கேற்ற ஜெர்மன் தோட்டா. முத்திரை பொய் சொல்லவில்லை. நான் டுர்லாக்கில் பிறந்தேன் என்று மட்டுமே அது சொல்லியது. மற்றதையெல்லாம் மனிதர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். 1941இல் கிர்க்கியில் செய்த தோட்டா நம் மண்ணில் வெடித்திருக்கிறது. சுட்டது யார்? ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களில் ஒருவராக இருக்கலாம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் ஆயுதங்கள் ஏராளமாக ஜப்பானியர் வசமாயின. அவற்றைக் கொண்டுதான் இந்திய தேசிய இராணுவம் ஆயுதம் ஏந்தியது. நம் தோட்டங்களிலிருந்து ரப்பர் வெட்டிய இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 1945இல் காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படைக்குப் பிரிட்டிஷ் விமானங்கள் ஆயுதங்களைப் போட்டன. போர் முடிந்து படை கலைந்தபோது அவற்றில் ஒரு பகுதி ஒளித்து வைக்கப்பட்டது. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது கம்யூனிஸ்டுகள் அவற்றை வெளியே எடுத்தார்கள். அவர்களை எதிர்த்துத் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களின் தோளிலும் அதே 303 துப்பாக்கிதான் தொங்கியது. 1960 ஜூலை 31 வரை அவசரகாலம் நீடித்தது.

ஒரே முத்திரை, எத்தனை கைகள்! பகைவர்களாக எதிரெதிரே நின்றவர்கள் ஒரே ஆலையின் தோட்டாவைச் சுட்டிருக்கலாம். கூடு கிடந்த இடம், அதனுடன் கிடந்த பொருள்கள், அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு, அரசு ஆவணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவேளை விடை கிடைக்கலாம். நிலத்தைக் கிளறிய இயந்திரம் அந்த இடத்தையே கலைத்துவிட்டதால் நமக்கு அந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

எனவே மாணவர்களே, இத்தகைய சான்றைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, முத்திரை செய்தவரைச் சொல்லும், சுட்டவரைச் சொல்லாது. இரண்டாவது, அதில் உள்ள ஆண்டு 'இதற்கு முன் அன்று' என்பதை உறுதியாகச் சொல்லும். எத்தனை ஆண்டு கழித்து வெடித்தது என்பதைச் சொல்லாது. மூன்றாவது, ஒரு சான்று நாம் முன்பே நம்பியதற்கு ஒத்துப்போகிறதென்றால் அப்போதுதான் அதை இரண்டு மடங்கு சோதிக்க வேண்டும். காத்தினில் உலகம் தவறியது இந்த மூன்றாவதில்தான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது வழக்காடு மன்றத்துக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று வகுப்பறைக்கும் உரியது.

இன்னொரு சொல்லும் சொல்லியாக வேண்டும். மண்ணில் தோட்டாவோ குண்டோ கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வெற்றுக் கூடா, வெடிக்காத தோட்டாவா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையன்று. எண்பது ஆண்டு பழைய மருந்தும் உயிர் குடிக்கும். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பார்கள். இடம் கலையாமல் இருந்தால் அதுவே வரலாற்றுக்கும் நீங்கள் செய்யும் உதவியாகும்.

அந்த மாணவனுக்கு ஒரு வாரம் கழித்து விடை சொன்னோம். "தம்பி, இது கிர்க்கியில் 1941இல் செய்தது. அதுவரை உறுதி. யார் சுட்டார் என்று இந்தக் கூடு எழுதி வைக்கவில்லை" என்றோம். அவன் சற்று ஏமாற்றத்துடன், "அப்போ தெரியாதுன்னே எழுதிக்கவா ஐயா?" என்று கேட்டான். அப்படியே எழுதச் சொன்னோம். அவனுடைய வரலாற்று ஏட்டில் நாம் பெருமையோடு சரி போட்ட விடைகளில் அதுவும் ஒன்று.